மீன்காட்டியும் போதும் என்னும் அறிவும்

மறைந்து கிடப்பதைத் தேடிக் காண்பது மனிதனுக்கு இயல்பு. மண்ணுக்குள் ஈயம் கிடந்தது, தோண்டினான். மரப்பட்டைக்குள் பால் இருந்தது, கீறினான். கண்டறிந்த பொருளைக் காணாதது போல் விட்டுச் சென்ற வரலாறு அவனுக்கு இல்லை. ஆதலின் நீருக்குள் மறைந்து திரியும் மீனையும் கருவி கொண்டு அவன் கண்டுவிட்டான் என்றால் அதில் வியப்பொன்றுமில்லை. ஆயினும், காண்பதற்கு உரிமையுண்டு என்பதனாலேயே கண்டதையெல்லாம் எடுத்துக்கொள்ளவும் உரிமையுண்டா? இக்கேள்வி அண்மையில் பிரிக்பீல்ட்ஸ் தேநீர்க் கடையொன்றில் மாமனுக்கும் மருமகனுக்கும் இடையே எழுந்தது. பக்கத்து மேசையில் அமர்ந்து கேட்டிருந்த நமக்கு, அதனை அங்கேயே விட்டுவிட்டு எழுந்துவர மனம் இல்லை.

மருமகன் கிள்ளான் துறைமுகத்தில் வேலை செய்பவர். ஓய்வு நாட்களில் சிறு படகில் கிள்ளான் ஆற்று முகத்துக்குச் சென்று தூண்டில் போடுபவர். மாமன் காப்பார் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்து, பால்மரம் வெட்டி முதுமை அடைந்தவர். மருமகன் தம் கைப்பேசியில் ஒரு படத்தைக் காட்டினார். கை நீளத்துக்குக் குறையாத ஒரு கொடுவா. இந்நாட்டார் சியாக்காப் என்று அழைப்பது.

"பாருங்கள் மாமா! திரையில் பெரிய வளைவாகத் தெரிந்தது. அரை மணி நேரத்தில் படகுக்குள் வந்துவிட்டது."

"மாப்பிள்ளை, இது தூண்டில் வேலை இல்லை, திருட்டு. நாங்கள் ஆற்றங்கரையில் கொசுக்கடியில் இரவெல்லாம் உட்கார்ந்திருப்போம். கிடைத்தால் உண்டு, இல்லாவிட்டால் இல்லை. மீனுக்கும் தப்பிக்க ஒரு வழி இருந்தது."

"முள்ளில் புழுவைக் குத்தி, இதுதான் இரை என்று மீனை நம்ப வைத்தீர்களே மாமா, அது மட்டும் யோக்கியமா? ஏமாற்றினால் நியாயம், கண்டு பிடித்தால் திருட்டா?"

பெரியவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "புரட்டாசி பிறந்துவிட்டால் நாங்கள் தூண்டிலைத் தொடவே மாட்டோம், தெரியுமா?" என்றார். மருமகன் சிரித்தார். "பெருமாள் உட்கார்ந்து மீனை எண்ணிக்கொண்டிருந்தாரா, மாமா?"

நம்மைப் போன்ற சீர்திருத்தக் கொள்கையுடையார் இவ்வழக்கில் உடனே மருமகன் பக்கம் சாய்வர். நாமும் சாய்ந்தோம். ஆயினும் வீடு திரும்பும் வழியில் எண்ணிப் பார்த்தபோது, பெரியவர் தம் கட்சியைச் சொல்லத் தெரியாமல் தோற்றாரேயன்றி, அவர் கட்சியே தோற்றதாகத் தோன்றவில்லை.

முதலில் கருவியை அறிவோம். கடைக்காரர் இதனைப் 'பிஷ் பைண்டர்' என்பர். நாம் மீன்காட்டி என்போம். படகின் அடியில் பொருத்திய ஒரு சிறு படிகம் மின்சாரத்தால் அதிர்ந்து, நம் காதுக்கு எட்டாத ஒலியை நீருக்குள் அனுப்புகிறது. காற்றில் நொடிக்கு ஏறத்தாழ 340 மீட்டர் செல்லும் ஒலி, நீரில் 1,500 மீட்டர் செல்லும். எதிரொலி திரும்பிவர ஒரு நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு ஆயிற்றென்றால், ஒலி பட்ட பொருள் 15 மீட்டர் ஆழத்தில் உள்ளதென்று கருவி கணக்கிட்டுத் திரையில் காட்டும். மீனின் உடலில் எதிரொலியை மிகுதியாகத் தருவது அதன் வயிற்றுக்குள் உள்ள காற்றுப்பை. மீன் தசை ஏறக்குறைய நீரைப் போன்றதே. ஆனால் நீருக்குள் காற்று இருந்தால் ஒலி அதில் மோதித் திரும்பும். மீன் மிதப்பதற்கு உதவும் அப்பையே அதனைக் காட்டிக்கொடுக்கிறது.

இக்கருவி துன்பத்திலும் போரிலும் பிறந்தது. 1912-இல் டைட்டானிக் கப்பல் பனிமலையில் மோதி மூழ்கியது. 1914-இல் ரெஜினால்ட் பெசண்டன் என்பார் கடலுக்குள் ஒலியனுப்பிப் பனிமலையின் எதிரொலியைக் கேட்டுக் காட்டினார். முதல் உலகப் போரில், நீர்மூழ்கிக் கப்பல்களைக் கண்டறியும் பொருட்டு, பிரெஞ்சு அறிஞர் பால் லாஞ்செவின் படிகத்தைக் கொண்டு ஒலியெழுப்பும் முறையை வகுத்தார். இரண்டாம் உலகப் போர் முடிந்து மூன்றாண்டுகள் கழித்து, 1948-இல், அணுகுண்டு விழுந்த அதே நாகசாகி வட்டாரத்தில், புருனோ சகோதரர்கள் மீனவர் பயன்படுத்தத்தக்க மீன்காட்டியை உருவாக்கினர். கொல்லப் பிறந்த கருவி பசிதீர்க்கும் கருவியாயிற்று. அதனைப் பழிப்பவர் நன்றியறியாதவர்.

பின்னர் அது பிழைப்பிலிருந்து விளையாட்டுக்கும் வந்தது. நமது புரட்டாசி, ஐப்பசி மாதங்கள் வட அமெரிக்காவில் இலையுதிர் காலம். அப்போது ஏரிநீர் குளிரும். சிறுமீன்கள் கூட்டங்கூட்டமாக ஓடைமுகங்களுக்கு நகரும். அவற்றைத் தின்ன 'பாஸ்' என்னும் மீன்கள் பின்தொடரும். முன்பெல்லாம் அக்கூட்டத்தைத் தேடுவதே தூண்டில்காரனின் கலையாக இருந்தது. இன்று திரையைப் பார்த்தால் போதும். 2018-இல் கார்மின் நிறுவனம் வெளியிட்ட 'லைவ்ஸ்கோப்' கருவியில், படகுக்கு முன்னே மீன் நீந்துவதையும், நாம் எறிந்த இரையை நோக்கி அது திரும்புவதையும் அப்போதைக்கப்போதே காணலாம். இதனால் எழுந்த பூசலில், மேஜர் லீக் பிஷிங் என்னும் போட்டி அமைப்பு, 2025-ஆம் ஆண்டு தன் தலையாய போட்டிகளில், நாளின் மூன்று பகுதிகளுள் ஒன்றில் மட்டுமே இவ்வகைக் கருவிக்கு இடமளித்தது. இவ்வகைக் கருவி பெருகி வளர்ந்த நாட்டிலேயே பிரிக்பீல்ட்ஸ் பெரியவரின் குரல் கேட்கிறது என்பதை நேயர்கள் கவனிக்க.

இனி வழக்குக்கு வருவோம். காண்பது குற்றமா? அன்று என்பதே நம் விடை. இந்நாட்டுக் கிழக்குக் கரையில் 'ஜூரு செலாம்' எனப்படும் மலாய் மீன்பிடி வல்லார் இருந்தனர். படகிலிருந்து மெல்ல நீருக்குள் இறங்கி, தலையை முழுக்கி, காதினாலேயே மீன் கூட்டத்தை அறிந்து, வலை இறக்குமிடத்தைக் காட்டுவர். 1939, 1940-ஆம் ஆண்டுகளில் கிளந்தான் கரையில் தங்கி ஆராய்ந்த ரேமண்ட் பெர்த் என்னும் அறிஞர், 1946-இல் வெளியிட்ட மலாய் மீனவரைப் பற்றிய நூலில் இவர்களை விரித்துரைத்துள்ளார். தெரெங்கானுவின் செத்தியூப் பகுதியில் இக்கலை அண்மைக்காலம் வரை எஞ்சியிருந்தது. கெலாமா என்னும் கத்தாளை இன மீன்கள் தம் காற்றுப்பையை அதிரச் செய்து ஒலியெழுப்புவன; அவ்வொலியையே அவர் கேட்டனர். அன்று மனிதக் காதுக்கு மீனைச் சொன்னதும் காற்றுப்பை. இன்று படிகத்துக்கு மீனைச் சொல்வதும் அதுவே. காதால் கேட்டால் கலை, கருவியால் கேட்டால் களவு என்று பிரித்தல் எப்படிப் பொருந்தும்? பழையது என்பதனால் ஒன்று நல்லதாகிவிடாது. பழைமையைக் காரணமாகக் காட்டியன்றோ நம்மைத் தோட்டத்திலும் ஊரிலும் இத்தனை காலம் குனிய வைத்தனர்?

நஞ்சும் வெடியும் வேறு. 'தூபா' வேரை நசுக்கி ஆற்றில் கலந்தால் பெரியது, சிறியது, வேண்டியது, வேண்டாதது என்ற வேறுபாடின்றி மீன்கள் மயங்கி மிதக்கும். வெடியும் மின்சாரமும் அத்தகையனவே. மலேசியாவின் 1985-ஆம் ஆண்டு மீன்வளச் சட்டம் இவற்றைத் தடுக்கிறது. மீன்காட்டியோ ஒன்றையும் கொல்வதில்லை, தெரிவிப்பதோடு நிற்கிறது. அறிவைத் தடைசெய்யும் சட்டம் அறிவுடையோர் விரும்பும் சட்டமாகாது. இதுவரை மருமகன் சொன்னது சரி.

ஆனால் ஒன்றை அவர் எண்ணவில்லை. நேற்றுவரை மீனைக் காத்தது எது? நமது கருணையா? இல்லை. நமது அறியாமை. பத்து மீனில் ஒன்பது எங்கேயிருக்கிறது என்று நமக்குத் தெரியாததால், ஒன்பதும் பிழைத்து முட்டையிட்டன. நீரின் இருட்டே எழுதாச் சட்டமாக நின்றது. நாம் அச்சட்டத்தை மதித்து நடந்தோம் என்று பெருமை பேச இடமில்லை. மீற வழியில்லாமல் இருந்தோம். கருவி வந்து இருட்டை அகற்றியது. இருட்டோடு அச்சட்டமும் அகன்றது. அவ்விடத்தில் வேறு சட்டம் வைத்தோமா?

வைக்காவிடில் என்ன ஆகும் என்பதைக் கானடாவின் நியூபவுண்ட்லாந்து கற்பித்தது. அங்கே காட் என்னும் மீனை ஏறக்குறைய ஐந்நூறு ஆண்டுகள் பிடித்து வந்தனர். பின்னர் உறைபதன வசதியுள்ள பெரிய இழுவைக் கப்பல்கள் மீன்காட்டியுடன் வந்தன. 1968-இல் ஓராண்டுப் பிடிப்பு எட்டு இலட்சம் டன் அளவுக்கு ஏறியது. அதன்பின் மீன் குறைந்துகொண்டே வந்தும், பிடிப்பவர் வலை உடனே குறைவு காட்டவில்லை. காரணம் எளிது. எஞ்சிய மீன்கள் ஒன்றாகத் திரண்டு நின்றன. அவை திரண்ட இடத்தைக் கருவி சொல்லியது. வலை நிறைந்தே வந்தது. நிறைந்த வலையைப் பார்த்துக் கடலும் நிறைந்துள்ளதென்று நம்பினர். அளவுக்கு மிஞ்சிப் பிடிக்க அரசும் இடங்கொடுத்தது. 1992 ஜூலையில் அம்மீன்பிடிப்பையே தடை செய்ய நேர்ந்தது. ஏறத்தாழ முப்பதாயிரம் பேர் வேலையிழந்தனர். 32 ஆண்டுகள் கழித்து, 2024-இல்தான், 18,000 டன் என்னும் சிறு அளவோடு தடை நீக்கப்பட்டது. குற்றம் கருவி ஒன்றின்மேல் மட்டும் இல்லை. ஆயினும், கண்ணில்லாதவன் தடுமாறி நின்றுவிடும் இடத்தைக் கண்ணுள்ளவன் கடந்து சென்று கிணற்றில் விழுந்த கதையாயிற்று.

அக்கடல் நெடுந்தூரம் என்பார்க்கு நம் கிள்ளான் ஆற்று முகத்தையே காட்டுவோம். மருமகன் பிடித்த கொடுவா ஒரு புதுமையான மீன். பெரும்பாலும் அது ஆணாகவே வளர்கிறது. சில ஆண்டுகள் கழித்து, உடல் பெருத்தபின், பெண்ணாக மாறுகிறது. ஆகவே மிகப் பெரிய கொடுவாக்கள் பெரும்பாலும் தாய்மார். ஒரு பெருந்தாய் இலட்சக்கணக்கில், இன்னும் பெரியதாயின் கோடிக்கணக்கிலும் முட்டையிட வல்லது; ஆற்று நீரும் கடல்நீரும் கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டியே முட்டையிடும். இனித் திரையை நோக்குங்கள். தூண்டில்காரன் கண் எவ்வளைவின்மேல் விழும்? பெரியதன்மேல். அவ்வளைவு யார்? வருங்காலக் கொடுவாக்களின் தாய். குருட்டுத் தூண்டிலில் சிறிதும் பெரிதும் கலந்து சிக்கின. கண்ணுள்ள தூண்டில் தாயைத் தேர்ந்தெடுக்கிறது. மருமகன் இதை அறிந்து செய்தாரில்லை. ஆனால் மீன் இருக்குமிடத்தை அறிய அறுநூறு, எழுநூறு வெள்ளி செலவிடத் துணிந்தவர், அம்மீன் யார் என்று அறிய ஒரு நாள் செலவிடவில்லை. நம் வழக்கில் குற்றம் என்று சொல்லத்தக்கது இதுவே. அவர் அறிவு மிகுந்து போகவில்லை; பாதி வழியில் நின்றுவிட்டது.

எல்லா நீருக்கும் ஒரே நீதி என்றும் சொல்லோம். பூச்சோங், சுங்கை பீசி முதலிய இடங்களில் ஈயம் தோண்டி விட்ட குட்டைகள் பல ஏரிகளாக நிற்கின்றன. தென் அமெரிக்காவிலிருந்து கொண்டுவரப்பட்ட 'பீகாக் பாஸ்' என்னும் மீன் இத்தகைய குட்டைகளில் பெருகி, நாட்டு மீன்களை விழுங்குகிறது. அதனைக் கருவி வைத்துப் பிடித்துக் குறைத்தால் நன்மையே. காசு கட்டித் தூண்டில் போடும் குளங்களில் வளர்ப்பு மீனை விட்டுப் பிடிக்கின்றனர். அங்கே எழுவது விளையாட்டின் நேர்மை பற்றிய கேள்வி மட்டுமே. கருவி ஒன்றே, நீரும் மீனும் மாற, அதன் நன்மை தீமையும் மாறுகின்றன. இதனை ஆராய்ந்து பிரித்தறிவதற்கே பகுத்தறிவு என்று பெயர்.

இப்பொழுது புரட்டாசிக்கு வருவோம். அவ்விரதம் மீனுக்காக ஏற்பட்டதன்று. மீன் முட்டையிடும் மாதத்தைப் பார்த்து வைத்ததும் அன்று. அச்சமும் வழக்கமும் சேர்ந்து வைத்தது. ஆயினும் அதன் பயனாக ஒரு மாதம் அப்பெரியவரின் தூண்டில் சுவரில் தொங்கியது. நாம் அச்சத்தை நீக்கினோம்; நீக்கியது நன்று. ஆனால் அச்சம் சென்ற வழியே தூண்டிலுக்குரிய ஓய்வும் சென்றதை நாம் பார்க்கவில்லை. மூடநம்பிக்கையை இடித்தவன், அது தற்செயலாகத் தாங்கி நின்ற கூரைக்கு வேறு தூண் நாட்டக் கடமைப்பட்டவன். இடிப்பதோடு நம் வேலை முடிந்ததென்று எண்ணினால், நாம் சீர்திருத்தக்காரரல்லர்; வெறுங்கடப்பாரைக்காரர்.

தூண் நாட்டுதல் இயலாத காரியமன்று. தமிழ்நாட்டில் 2001 முதல் ஆண்டுதோறும் விசைப்படகு மீன்பிடிப்பு நிறுத்தப்படுகிறது. முதலில் 45 நாளாயிருந்தது, 2017-இல் 61 நாளாயிற்று. கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மீன் இனம்பெருகும் காலத்தை நோக்கிக் குறித்த நாட்கள் இவை. பஞ்சாங்கம் குறியாததை ஆராய்ச்சி குறித்தது. இந்நாட்டிலும், 1960-களில் இழுவைப் படகுகள் வந்தபின் கரையோர மீனவருக்கும் அவற்றுக்கும் கொடிய மோதல்கள் நிகழ்ந்து, படகுகள் எரிந்து, உயிர்களும் மாண்டபின், 1981-இல் கடலை மண்டலங்களாகப் பிரித்துக் கரையோரத்தைச் சிறு படகுகளுக்கு ஒதுக்கினர். வலியவன் கண்ணுக்கு எட்டியதெல்லாம் அவன் கைக்கு உரியதன்று என்பதே அவ்வொதுக்கீட்டின் பொருள்.

இதில் இன்னோர் எச்சரிக்கையும் வேண்டும். பழவேற்காட்டு ஏரியில் 'பாடு' என்றொரு முறை உண்டு. மீன் மிகும் இடங்களைச் சீட்டுப்போட்டு முறைவைத்துப் பகிர்ந்துகொள்வர். வல்லவன் நல்ல இடத்தை நாள்தோறும் பற்றிக்கொள்ள முடியாது. எவ்வளவு அழகிய சமத்துவம்! ஆனால் அப்பாடு ஒரு குறிப்பிட்ட சாதியார்க்கே உரியதாக இருந்துவந்தது. அதே கரையில் வாழும் ஏனையோர் பிறப்பினால் விலக்கப்பட்டனர். பழைய கட்டுப்பாட்டைப் புகழ்வோர் இதனையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். முறைவைத்துப் பகிரும் நெறியை நாம் எடுத்துக்கொள்வோம். பிறப்பு பார்க்கும் வேலியைப் பிடுங்கி எறிவோம். பழைமையோடு நமக்குள்ள உறவு இவ்வளவே.

"நான் விட்ட மீனை நாளைக்கு வேறொருவன் பிடிக்கப் போகிறான்; நான் மட்டும் ஏன் விடவேண்டும்?" என்று மருமகன் கேட்கலாம். நேர்மையான கேள்வி. தனி மனிதன் அடக்கத்தால் மட்டும் கடல் பிழைக்காது; அதனால்தான் சட்டம் வேண்டும். ஆனால் சட்டம் வானத்திலிருந்து விழுவதில்லை. முதலில் சிலர் தாமே அவ்வாறு நடந்து, பிறகு அதைக் கூட்டத்தில் பேசி, பிறகு அரசைக் கேட்டுப் பெற்றனவே நம் உரிமைகள் அனைத்தும். தோட்டத்தில் கள்ளுக்கடைக்கு எதிராகக் குரல் கொடுத்தோரை நோக்கியும், "நீ குடிக்காவிட்டால் வேறொருவன் குடிப்பான்" என்று சொன்னவர் இருந்திருப்பர். அவ்விடையோடு எல்லோரும் நின்றிருந்தால் நாம் இன்னும் அவ்விடத்திலேயே நின்றிருப்போம்.

செய்யக்கூடியதும் பெரிதன்று. ஆற்று முகத்தில் மிகப் பெரிய கொடுவா சிக்கினால் படமெடுத்துக்கொண்டு நீரிலே விட்டுவிடுதல். வீட்டுக்கு எத்தனை மீன் போதும் என்பதைக் கரையிலேயே எண்ணிக்கொண்டு படகேறுதல். அவ்வெண் நிறைந்ததும், திரையில் எத்தனை வளைவு தெரிந்தாலும், கருவியை அணைத்துவிடுதல். கல்யாண விருந்துக்குக் கொடுவா வேண்டுமென்றால், கெத்தாம் தீவுப் பக்கத்துக் கூடுகளில் வளர்த்த மீன் இருக்கவே இருக்கிறது.

கருவியும் இதற்குத் துணைசெய்யும். 1975 முதல் நார்வே நாட்டின் 'டாக்டர் பிரிட்ஜோப் நான்சன்' என்னும் பெயர்கொண்ட ஆராய்ச்சிக் கப்பல்கள், வளரும் நாடுகளின் கடல்களில், இதே எதிரொலி முறையால் மீன் வளத்தை அளந்து வருகின்றன. பிடிக்க உதவும் அதே ஒலி, எவ்வளவு எஞ்சியுள்ளது என்றும் சொல்லும். 'இங்கே மீன் இருக்கிறது' என்று அது சொல்லும்போது மட்டும் காதுகொடுத்து, 'இங்கே குறைந்துவிட்டது' என்று சொல்லும்போது செவிடாக இருப்பது கருவியின் குற்றமா?

அன்று தேநீர்க் கடையில் பணம் கொடுத்து எழுந்தபோது பெரியவர் மறுபடியும் அப்படத்தைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "நல்ல மீன்தான். வயிற்றில் சினை இருந்ததா, மாப்பிள்ளை?" என்றார். "இருந்தது மாமா, நிறைய" என்றார் மருமகன். சொன்ன பிறகு அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. பெருமாளைக் கேட்டுச் சிரித்தவருக்கு இக்கேள்வியைக் கேட்டுச் சிரிக்க முடியவில்லை. ஏனெனில் இது விரதத்தைப் பற்றிய கேள்வியன்று, கணக்கைப் பற்றிய கேள்வி. இக்கேள்வியை மீனைக் கொன்ற பின் கேட்பதை விட்டு, தூண்டில் எறியுமுன் கேட்கப் பழகுவோமாக.